பூஜ்யத்தில் ஊறிய தண்ணீர்

வெங்கரட்டூரில் தண்ணீர் தரைமட்டத்துக்கு வந்தது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். பால்வண்டி வருவதற்கு முன்பே வந்துவிட்டது என்று ஒரு கட்சி, இல்லை, வண்டி போன பிறகுதான் என்று இன்னொரு கட்சி. ஆனால் வந்தது வந்ததுதான், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எல்லா வீட்டுக்கும் வரவில்லை. பூட்டிக்கிடந்த வீடுகள் அத்தனைக்கும் வந்தது, கறிக்கடைப் பெரியண்ணன் வீட்டுக்கு வந்தது, அத்தாயி வீட்டுக்கு வந்தது, மேலத்தெருவில் நாலு வீட்டைத் தாண்டி ஒரு வீட்டுக்கும் கீழத்தெருவில் அடுத்தடுத்து மூன்று வீட்டுக்கும், இன்னும் எத்தனையோ வீட்டுக்கும் வந்தது. சாணி தெளிக்கிறவள் கை போன போக்கில் தெளித்த மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக வாசல் மண் முதலில் கறுத்து, பிறகு நெகிழ்ந்து, பிறகு வானத்தைக் காட்டிக்கொண்டு ஒரு சாண் தெளிந்த தண்ணீராக நின்றது. தொட்டுப் பார்த்தார்கள், சில்லென்று இருந்தது. குடித்துப் பார்த்தார்கள், இனித்தது. அதற்கப்புறம் யாரும் கேள்வி கேட்கவில்லை, குடம் எடுக்க ஓடினார்கள்.

தண்ணீர் இல்லாததுதான் அந்த ஊருக்குப் பழக்கம். திருச்செங்கோட்டுப் பக்கத்தில் கரட்டுக் குன்றை ஒட்டிக் கிடந்த அந்த ஊரின் ஆம்பளைகள் போர் போடும் வண்டியில் ஏறிப் போகிறவர்கள். ராஜஸ்தான் மணலையும் ஒடிசாவின் செம்மண்ணையும் துளைத்து, ஊர்பேர் தெரியாத ஒருத்தன் காட்டில் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சி அடிக்கும்போது தலையோடு காலாக நனைந்து, சிரித்தபடி போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அந்தப் போட்டோவை அவர்கள் வீட்டுப் பெண்கள் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபடி பார்ப்பார்கள். சொந்த ஊரிலும் துளைக்காமல் விடவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போர் உண்டு, ஒவ்வொரு போருக்கும் ஒரு ஆழம் உண்டு, அந்த ஆழம் அந்த வீட்டுக்காரருக்குத் தன் வயதைப் போல மனப்பாடம்.

இந்தத் தண்ணீர் எங்கேயிருந்து வந்தது என்று ஊரில் முதலில் கண்டுபிடித்தவள் கோகிலவாணி. பஞ்சாயத்து ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவள், முப்பத்தைந்து வயது, வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாக டைப் அடிப்பாள், தான் அடித்ததை இரண்டாம் தடவை பார்க்கிற வழக்கம் இல்லாதவள், ஏனென்றால் பார்த்த தடவைகளில் எல்லாம் சரியாகவே இருந்திருக்கிறது. அன்றைக்கு ஆபீஸுக்கு ஸ்கூட்டரில் போகும்போது வழியில் தண்ணீர் நின்ற வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். பெரியண்ணன் வீட்டைத் தாண்டும்போது மனதில் ஏதோ இடறியது. அத்தாயி வீட்டைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தி, காலை ஊன்றி நின்றுவிட்டாள். 'இது என் லிஸ்ட் அல்லவா' என்று நினைத்தாள்.

விஷயம் இதுதான். ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் கொண்டுவரும் திட்டத்தில் எந்தெந்த ஊரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய, ஒவ்வொரு ஊரிலும் போர் எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று ஒரு படம் வரைந்து அனுப்பச் சொல்லியிருந்தார்கள். ஹிஸ்டோகிராம் என்று அதற்குப் பெயர். நூறு அடி வரைக்கும் இருக்கும் போர்களுக்கு ஒரு தூண், அதற்கடுத்த நூறுக்கு ஒரு தூண், இப்படியே வரிசையாக; எந்த ஆழத்தில் வீடுகள் எச்சாக இருக்கின்றனவோ அந்தத் தூண் உயரமாக நிற்கும். மகளிர் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய்க் கேட்டு எக்செல் ஷீட்டில் ஏற்றிக் கொடுத்தார்கள். அறுநூறு என்றவர்களுக்கு அறுநூறு, எண்ணூற்றைம்பது என்றவர்களுக்கு எண்ணூற்றைம்பது. பூட்டிய வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை, அந்தக் கட்டம் காலி. அத்தாயி வாயே திறக்கவில்லை, அந்தக் கட்டமும் காலி. பெரியண்ணன், "ஆயிரத்துக்கு மேல போச்சு, வெறும் புழுதி, அதையப் பத்திப் பேசாத போ" என்றான். கேட்கப் போன பெண் பயந்துபோய் எண் வர வேண்டிய இடத்தில் அந்த வார்த்தைகளை அப்படியே அடித்துவிட்டாள். அவனைப் போல ஆயிரத்துக்கு மேல் போய் ஏமாந்தவர்கள் ஊரில் நிறையப் பேர், அவர்கள் பதிலும் அப்படியே வார்த்தையாகத்தான் ஏறியது.

அடியை நூறு நூறாகப் பிரிக்கக் கோகிலவாணி ஒரு ஃபார்முலா போட்டாள். காலிக் கட்டங்களை அந்த ஃபார்முலா தானாகவே பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. வார்த்தை இருந்த கட்டங்களில் கணக்கு முட்டிக்கொண்டு, வேலி மாதிரி ஒரு குறியும் ஆச்சரியக்குறியுமாகப் பிழை வந்து நின்றது. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று, 'பிழை வந்தால் பூஜ்யம் போடு' என்று ஃபார்முலாவுக்கு ஒரு வால் ஒட்டினாள். ஷீட் முழுக்கத் துடைத்துவைத்த மாதிரி ஆனது. படம் வந்தது. இடது கோடியில், ஆழம் பூஜ்யம் என்ற இடத்தில், கோபுரம் போல ஒரு தூண் எழுந்து நின்றது. நேரமாகிவிட்டதால் அதை ஒரு தடவை அழகு பார்த்துவிட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறாக்கினாள். மறுநாள் காலையில் பூஜ்யம் போட்ட வீடுகளில் எல்லாம் பூஜ்யம் அடியில் தண்ணீர்.

இதை அவள் டீக்கடையில் வைத்தே சொன்னாள், ஒளிக்கவில்லை. "அது நான் போட்ட பூஜ்யமுங்க. படத்துல எப்படி நிக்குதோ அப்படியே நிக்குது." கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார்கள். ஆபீஸில் எழுதியது ஊரில் நடப்பது வெங்கரட்டூருக்குப் புதுசில்லை. செங்கோடன் செத்துப்போனதாக எங்கேயோ எவரோ எழுதிய மாதத்திலிருந்து அவனுக்கு அரிசி நின்றுபோய், உயிரோடு இருக்கும் அவனிடம் சொந்தக்காரர்களே கொஞ்சம் மரியாதையோடும் கொஞ்சம் பயத்தோடும் பேசத் தொடங்கி வருஷக்கணக்காகிறது. புறம்போக்கு என்று எழுதிய இடம் புறம்போக்கு ஆனது, ரோடு போட்டாயிற்று என்று எழுதிய இடத்தில் ரோடு கேட்க முடியாமல் போனது. இதுவரைக்கும் எழுதியதெல்லாம் நம்மிடமிருந்து எடுத்தது, இந்த ஒரு தடவை கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான் என்றார்கள்.

தண்ணீருக்கு ஒரு குணம் இருந்தது. எந்த வீட்டுக்கு வந்ததோ அந்த வீட்டு எல்லையைத் தாண்டாது. நிறைகுடத்தைத் தூக்கித் தெருவில் கால் வைத்தால் குடம் காலி. சிந்தியது மாதிரியும் இருக்காது, இடுப்பு ஈரமும் இருக்காது, கனம் மட்டும் திடீரென்று போய்விடும், தூக்கியவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பாள். ஒரு வீட்டுக் கட்டத்தில் இருப்பது இன்னொரு வீட்டுக் கட்டத்துக்குப் போகாது என்று கோகிலவாணி விளக்கம் சொன்னாள். அதனால் ஊரே அந்த வீடுகளுக்குள் போய்த்தான் குடிக்க வேண்டியிருந்தது, அங்கேயேதான் குளிக்க வேண்டியிருந்தது, துணி துவைக்க வேண்டியிருந்தது, அரிசி களைந்து அங்கேயே அடுப்பு மூட்டிப் பொங்கித் தின்ன வேண்டியிருந்தது. ஆயிரம் அடி தோண்டி ஏமாந்தவன், இருந்ததையெல்லாம் அந்தக் குழியில் போட்டவன், ஊர் விசேஷத்தில் பின்வரிசையில் உட்காருகிறவன், அவன் வீட்டு வாசலில் பெரிய வீட்டுப் பெண்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "ஏனுங்கண்ணா, ஒரு பக்கெட்டு எடுத்துக்கட்டுங்களா" என்று கேட்டு நின்றார்கள். பெரியண்ணன் கறிக்கடையை மூடிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "எடுத்துக்கங்க, எடுத்துக்கங்க" என்று சொல்வதையே ஒரு வேலையாக வைத்துக்கொண்டான். பூட்டிய வீடுகளின் சுவரை ஏறிக் குதித்தார்கள். பாம்பேயிலும் நாக்பூரிலும் இருந்த வீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டு, "உங்க வீட்ல நாங்க குளிச்சுக்கறோமுங்க" என்று சொல்லிவிட்டே குதித்தார்கள். யாரோ வாத்து வாங்கி விட்டார்கள். மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த பெண்வீட்டு ஒறம்பரை, பையன் வேலையை விசாரிப்பதற்கு முன்னால், "வீட்ல போருங்களா, பூஜ்யமுங்களா?" என்று விசாரித்தது.

பூஜ்யம் இல்லாத வீட்டுக்காரர்கள் பஞ்சாயத்து ஆபீஸுக்கு வரத் தொடங்கினார்கள். "அம்மிணி, என்ர வீட்டு நம்பரக் கொஞ்சம் அழிச்சுடேன்."

"நீங்க சொன்னதுதானுங்க, எழுநூத்திநாப்பது. சொன்னத எப்படி அழிக்கறது?"

"சொல்லலைன்னு வெச்சுக்க."

"சொன்னீங்களே."

ஒருத்திக்கு முடியாது என்றவள் எல்லாருக்கும் முடியாது என்றாள். தன் மாமியார் கேட்டபோதும் முடியாது என்றாள், அன்றைக்கு வீட்டில் குழம்பு உப்பாக இருந்தது. ஜனங்கள் வாயால் சொன்ன எண்ணை அழிப்பது தப்பு என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. சொல்லாத இடத்தில் தான் ஒரு எண்ணைப் போட்டது பற்றி அவளுக்கு இன்னும் எதுவும் தோன்றவில்லை. இல்லாததற்குப் பூஜ்யம், இதில் என்ன இருக்கிறது?

அப்போதுதான் திட்ட ஆபீஸிலிருந்து போன் வந்தது. இன்ஜினியர் தேவசகாயம், நாகர்கோவில் பக்கத்து ஆள், நேரில் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டே பேசினார். "பாத்தேன் மேடம். உங்க படத்துல தண்ணி மேலயே நிக்கி, ஊர்லயும் மேலயே நிக்கி. பிறவு உங்களுக்கு எதுக்குக் குழாய்? அடுத்த ஊருக்குக் குடுத்திருதோம்." வெங்கரட்டூர் பட்டியலில் இருந்து எடுபட்டது. தண்ணீர் வராத வீடுகள்தான் ஊரில் பாதிக்கு மேல். அவர்களுக்கு இனிக் குழாயும் இல்லை என்றானது.

தலைவர் அர்த்தநாரி நேராக ஆபீஸுக்கு வந்தார். நல்ல மனுஷன், எந்தப் பிரச்சினைக்கும் பெரிதாக ஒரு வழி கண்டுபிடிக்கிறவர். "கோகிலா, ஒரு ரோசனை. எல்லாத்தையும் காலி பண்ணிடு. ஒரு வீடு பாக்கியில்லாம. ஊரே பூஜ்யம். ஆறும் வேண்டாம், குழாயும் வேண்டாம்."

"கிராம சபையில சொல்லிட்டுச் செய்யலாமுங்க மாமா," என்றாள் கோகிலவாணி. உண்மையைச் சொன்னால், அந்த யோசனை அவளுக்கும் பிடித்திருந்தது. ஊர் முழுக்கத் தண்ணீர், ஒரே ஒரு தூண், அது தன் விரலால் எழும்பியது. அந்த நினைப்பில் அவள் நாள் முழுக்கக் கொஞ்சம் உயரமாக நடந்தாள்.

மறுநாள் மத்தியானம் அத்தாயி வந்தாள்.

அத்தாயிக்கு ஐம்பது வயது இருக்கும். அவள் புருஷன் நாச்சிமுத்து சொந்தமாக ஒரு போர் வண்டி வைத்திருந்தவன். ஊரான் காட்டிலெல்லாம் தண்ணீர் காட்டியவன், சொந்த வாசலில் துளைத்துத் துளைத்துப் போய் ஓரிடத்தில் நிறுத்தி, "மிச்சத்த வந்து போடறேன்" என்று சொல்லி வடக்கே போனான். போய் ஒன்பது வருஷம். முதலில் போன் வந்தது, பிறகு பணம் வந்தது, பிறகு எதுவும் வரவில்லை. இருக்கிறானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. செத்துப்போய்விட்டான் என்று எழுதிக்கொடுத்தால் உதவித்தொகை கிடைக்கும் என்று எத்தனையோ பேர் சொன்னார்கள், அவள் எழுதிக்கொடுக்கவில்லை. வருவான் என்று யாரிடமும் சொல்லித் திரியவும் இல்லை. அதைப் பற்றி யார் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டாள், போர் ஆழம் கேட்டபோது திறக்காத மாதிரியே.

வந்தவள் கோகிலவாணிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். தண்ணீரில் நடக்கச் செருகிய புடவையை இன்னும் இறக்கிவிடவில்லை.

"அம்மிணி, என்ர வீட்டுக் கட்டத்துல பூஜ்யம் போட்டது நீதானா?"

"ஆமாங்க அக்கா. நீங்க எதும் சொல்லலைன்னு..."

"சொல்லலைன்னா?"

"சொல்லலைன்னா... ஒண்ணுமில்லைன்னு."

அத்தாயி கோபப்படவில்லை. "என்ர வாசல்லதான் தண்ணி எச்சா ஊறுது. ஊரே வந்து குடிக்குது, குடிக்கட்டும், அதுக்கு நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா குடிச்சுட்டு என்ன பேசறாங்கன்னு தெரியுமா? நாச்சிமுத்து எங்கயோ மண்ணுக்குள்ள போயி, மண்ணு வழியாவே வீட்டுக்கு வந்துட்டான்ங்கறாங்க. நாச்சிமுத்து ஊத்துன்னு பேரு வெச்சாச்சு. நேத்து வெடியால எந்திரிச்சுப் பாத்தா அவரு போட்டோவுக்கு மாலை போட்டிருக்குது. யாரு போட்டாங்கன்னு தெரியலை. வெளக்கும் ஏத்தி வெச்சிருக்குது. அவரு கூடப்பொறந்த என்ர கொழுந்தியா வந்து, இனி எதுக்கு அத்தாயி பொட்டுங்கறா."

கோகிலவாணி கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்குத் தெரியாது, கண்ணு. இருக்காருன்னும் தெரியாது, இல்லைன்னும் தெரியாது. தெரியாததத் தெரியாதுன்னு வெச்சுத்தான் ஒன்பது வருசமா எந்திரிச்சு வாசல் கூட்டறேன். நீ வந்து ஒரு நாள்ல பூஜ்யம்னு எழுதிப்போட்ட. சொல்லாதது வேற இல்லையா? இல்லாதது வேற இல்லையா?"

கோகிலவாணிக்கு ஷீட்டைத் திறந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. திறந்தாள். முதல் தடவையாகத் தான் அடித்ததை இரண்டாம் தடவை பார்த்தாள். இடது கோடியில் நின்ற அந்தக் கோபுரத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்தாள். கேட்கவே முடியாத வீடுகள் இருந்தன. கேட்டும் சொல்லாத அத்தாயி இருந்தாள். சொல்லியும் எண்ணாகாத பெரியண்ணன் இருந்தான், ஊரிலேயே ஆழமாகப் போனவன், போயும் சொட்டுத் தண்ணீர் காணாதவன், ஊரிலேயே மேலாகத் தண்ணீர் கிடைத்தவன் என்ற இடத்தில் நின்றான். இத்தனை பேரையும் ஒரே குழியில் போட்டு மூடி அதன்மேல் ஒரு தூணை நட்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது.

"சரி பண்ணிடறேனுங்க அக்கா," என்றாள்.

"என்ன போடுவ?"

"எதுவும் போடமாட்டேன்."

அத்தாயி எழுந்து போனாள்.

கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில் காலையிலேயே கூடியது. அதற்கு முந்தின நாள் பெரியண்ணன் வீட்டு மேற்குச் சுவர், சத்தம் போடாமல், களைத்தவன் உட்காருகிற மாதிரி தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டது. யாருக்கும் அடி இல்லை. அதை அவன் பெரிதுபடுத்தவில்லை. "ஒரு செவுரு போனா என்னுங்க, ஊரே வந்து குளிக்குதில்ல," என்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அர்த்தநாரி எழுந்து ஊரையே பூஜ்யமாக்கும் திட்டத்தைச் சொன்னார், கை தட்டினார்கள். பிறகு கோகிலவாணி எழுந்தாள்.

"தலைவர் சொல்றது நல்லாத்தான் இருக்குது. எனக்கும் ஆசையாத்தான் இருந்துச்சு. ஆனா பூஜ்யம் அடியில தண்ணி நின்னா, வீடு எதுல நிக்குமுங்க? பெரியண்ணன் வீட்டுச் செவுத்தப் போய்ப் பாருங்க. ஒரு மழை பேஞ்சா ஊரு முழுக்க உக்காந்துரும்."

சலசலப்பு வந்தது. அவள் குரலை உயர்த்தவில்லை, வேகத்தை மட்டும் குறைத்தாள்.

"அது போகட்டும். நான் போட்டது தப்புக் கணக்கு. சொல்லாதவங்களுக்கும், கேக்க முடியாதவங்களுக்கும், சொல்ல முடியாம சொன்னவங்களுக்கும் நானா பூஜ்யம்னு போட்டேன். அந்தத் தப்புல வந்த தண்ணியத்தான் குடிக்கறோம், இனிக்குது, ஒத்துக்கறேன். ஆனா அந்தத் தப்பாலதான் பாதி ஊருக்கு ஆத்துத் தண்ணி போச்சு. நான் போட்டது, நானே எடுக்கறேன்."

"எடுத்தா என்ர தண்ணி போயிருமில்ல?" என்று பெரியண்ணன் எழுந்தான். "வாழ்க்கையிலயே மொத தடவையா என்ர வாசலுக்கு ஊரு வருது அம்மிணி."

கோகிலவாணி அவன் பக்கம் நேராகத் திரும்பினாள். "போயிருமுங்கண்ணா. ஆனா நீங்க சொன்னது படத்துல வரும். ஆயிரத்துக்கு மேல போன வேற யாரும் இனி பூஜ்யத்துல இருக்கமாட்டாங்க, நீங்களும் இருக்கமாட்டீங்க. உங்களுக்குன்னு ஒரு தூண் வரும். அதப் பாத்துட்டுத்தான் குழாய் வரணும்."

பெரியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான். "பாக்கலாம் வா," என்றான், என்னமோ அவனே முன்னின்று நடத்துகிற வேலை போல. அவன் நடக்க, மைதானமே எழுந்து பஞ்சாயத்து ஆபீஸுக்கு நடந்தது.

ஆபீஸுக்குள் கொண்டமட்டும் நின்றார்கள், மிச்சம் பேர் ஜன்னலில் நின்றார்கள், ஜன்னலில் நின்றவர்கள் தெருவில் நின்றவர்களுக்குச் சொன்னார்கள். கோகிலவாணி பிழைக்குப் பூஜ்யம் போடச் சொன்ன வாலை ஃபார்முலாவிலிருந்து வெட்டினாள். கட்டத்தில் எண் இருந்தால் மட்டும் கணக்கில் எடு, இல்லையென்றால் அந்தக் கட்டத்தை அதன் பாட்டுக்கு விட்டுவிடு என்று எழுதினாள். வார்த்தையாக நின்ற கட்டங்களைத் தேடித் தேடி எடுத்து, வலது கோடியில் 'ஆயிரத்துக்கு மேல்' என்று புதிதாக ஒரு தூணுக்கு இடம் ஒதுக்கி, பெரியண்ணனையும் அவனைப் போன்றவர்களையும் பேர் சொல்லிச் சொல்லி ஒவ்வொருவராக அதில் ஏற்றினாள், பேர் சொல்லப்பட்டவர்கள் ஆஜர் கொடுப்பது போலத் தொண்டையைச் செருமினார்கள். படத்துக்கு அடியில், இத்தனை வீடு பூட்டியிருந்தது, இத்தனை வீடு பதில் சொல்லவில்லை, இவை படத்தில் இல்லை என்று ஒரு வரி எழுதினாள். எழுதிவிட்டு, ஒரு தடவை பார்த்து, இரண்டாம் தடவையும் பார்த்து, என்டர் தட்டினாள்.

இடது தூண் சரிந்தது. வலது கோடியில் ஒரு தூண் எழுந்தது, எழுந்துகொண்டே போனது, மற்ற எல்லாத் தூணையும் தாண்டி நின்றது. "அடேயப்பா," என்றது ஜன்னல்.

ஊருக்குள் தண்ணீர் ஆரவாரம் பண்ணாமல் இறங்கியது. ஒறம்பரை வந்தவர் இருந்து சாப்பிட்டுவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்புகிற மாதிரி, வாசலைச் சுற்றி ஒரு தடவை வட்டம் போட்டு, மண்ணுக்குள் போனது. வாத்துகள் ஈரத்தில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெரியண்ணன் வீட்டுப் பழைய போர் வாய் திறந்து, இத்தனை வருஷம் உள்ளே அடைத்துவைத்திருந்த வெள்ளைப் புழுதியை ஒரே மூச்சில் மரத்துக்கு மேல் ஊதியது. அது ஊர் முழுக்க மாவு மாதிரி படிந்தது. பெரியண்ணன் மீசையில் படிந்ததைத் துடைக்காமல் ஆகாயத்தைப் பார்த்து நின்று, "இதுதான் என்ர போரு, இப்பப் பாத்தீங்களா எத்தனை ஆழம்னு," என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான்.

கொஞ்ச நாள் கோகிலவாணியோடு பாதி ஊர் பேசவில்லை. லாரித் தண்ணீர் வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர்கள் அவள் காதில் விழும்படி பேசினார்கள். அவள் திரும்பிப் பார்த்து, "நடங்க, லாரி வந்துருச்சு," என்று மட்டும் சொன்னாள். வீட்டில் மாமியார்தான் முதலில் இறங்கிவந்தாள். உட்கார்ந்த சுவரைப் பார்த்துவிட்டு வந்தவள், அன்றைக்குக் குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்து இறக்கினாள்.

புதுப் படத்தை எடுத்துக்கொண்டு தேவசகாயம் மறுபடி வந்தார். மேஜையில் விரித்துவைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"போன தடவ எல்லாம் இந்தப் பக்கம்லா நின்னுது. இது என்ன, கடைசியில போயி இம்புட்டு உயரமா?"

"அதுதான் சார் எங்க ஊரு."

அவர் கீழே இருந்த வரியைப் படித்தார். "இந்தக் காலியா கிடக்கத எல்லாம் சராசரியப் போட்டு நிரப்பிரலாமே மேடம். பாக்க லட்சணமா இருக்கும். மேல அனுப்பும்போது ஒருத்தனும் கேள்வி கேக்கமாட்டான்."

"போன தடவ லட்சணமாத்தான் சார் போட்டேன். ஒரு வீட்டுச் செவுரு விழுந்துருச்சு."

"சராசரி போட்டாலுமா விழும்?"

"சராசரி போட்டா பூட்டின வீட்லயெல்லாம் எழுநூறு அடிக்கு ஓட்டை விழும் சார். வீட்டுக்காரங்களுக்கு நீங்கதான் போன் போட்டுச் சொல்லணும்."

தேவசகாயம் சிரிக்கத் தொடங்கி, ஜன்னல் வழியாக ஊர் முழுக்க வெள்ளையாகப் படிந்து கிடந்த புழுதியைப் பார்த்து, சிரிப்பைப் பாதியில் நிறுத்தினார். படத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். யாராவது கேள்வி கேட்டால் தான் பதில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். கேட்டார்களாம், சொன்னாராம். வெங்கரட்டூர் பட்டியலில் மறுபடி ஏறியது.

ஆற்றுத் தண்ணீர் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. கரட்டை வெட்டிக் குழாய் பதித்து, ஊருக்கு மேலே தொட்டி கட்டி, தெருத்தெருவாகக் குழி தோண்டி, தோண்டிய குழியில் எல்லாரும் ஒரு தடவையாவது விழுந்து எழுந்த பிறகு, வீட்டுக்கு ஒரு இணைப்பு கொடுக்கப் பெயர் பதிகிற நாள் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் மேஜை போட்டு, வெளியூரிலிருந்து வந்த ஒரு அதிகாரி லேப்டாப்பில் அடித்துக்கொண்டிருந்தார். அடையாளம் காட்டுவதற்குக் கோகிலவாணி பக்கத்தில் நின்றாள். பெரியண்ணன் தன் முறை வந்ததும் ஆழத்தை அவர் கேட்பதற்கு முன்பே சொன்னான். அது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை என்று அவர் சொல்லியும் கேளாமல் அடிக்கவைத்துவிட்டுத்தான் நகர்ந்தான்.

அத்தாயி வந்து நின்றாள். நெற்றியில் பொட்டு பெரிதாக இருந்தது.

"வீட்டுத் தலைவர் பேருங்கம்மா?"

"நாச்சிமுத்து."

"இருக்காருங்களா?"

அத்தாயி பதில் சொல்லவில்லை. அதிகாரி தலைநிமிர்ந்து பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி மட்டும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், பக்கத்தில் நின்றவள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"உயிரோட இருக்காரா இல்லையான்னு ஒண்ணு போடணுங்கம்மா. காலியா விட்டா ஏத்துக்காதே."

"ஏத்துக்கும் சார்," என்றாள் கோகிலவாணி. "அந்தக் கட்டத்த அப்படியே விட்டுட்டு அடுத்த கட்டத்துக்குப் போங்க. நான் பாத்திருக்கேன், போகும்."

அவர் நம்பாமல் தட்டினார். போயிற்று.

"வீட்டுல எத்தனை பேரு?"

தொட்டியிலிருந்து முதல் தண்ணீரைச் சோதனைக்குத் திறந்துவிட்டிருந்தார்கள் போல, குழாய்க்குள் காற்று ஓடும் சத்தம் தெருமுனையிலிருந்து கேட்டது.

"ரெண்டு பேரு," என்றாள் அத்தாயி.

அதிகாரி கோகிலவாணியைப் பார்த்தார்.

"சொல்றாங்கல்ல சார்," என்றாள் கோகிலவாணி. "சொன்னா சொன்னத அடிக்கணும்."

அவர் இரண்டு என்று அடித்தார்.